தீப்பொறியின் சூடு எங்கே போகிறது?

1970-களில் வந்த அமெரிக்க வி8 கார் ஒன்று. வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் குறை சொல்ல முடியாதபடி ஓடி வந்திருக்கிறது. பெட்ரோல் போட நிறுத்துகிறார்கள். ஒரு காபி குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. மறுநாள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கேயும் ஒழுங்காகவே ஓடுகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இதை ஒருமுறையாவது அனுபவித்திருப்பார்கள். பெட்ரோல் பம்ப்பையும் கார்புரேட்டரையும் மாற்றிப் பார்த்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். பல நேரங்களில் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புத் துண்டு. அதன் பெயர் இக்னிஷன் மாட்யூல்.

அது என்ன வேலை செய்கிறது என்று புரிய, அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்ததைப் பார்க்க வேண்டும். நம்மூரில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டியவர்களுக்கு சி.பி. பாயின்ட் தெரியும். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டுவது அன்றைக்கு எல்லாப் பட்டறைகளிலும் அன்றாட வேலை. 1910-ஐ ஒட்டி காடிலாக் கார்களுக்காக சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த முறை அது. அடிப்படைத் தத்துவம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. காயிலின் முதல் சுற்றில் மின்சாரத்தை ஓடவிட்டால் அதற்குள் காந்தப்புலம் சேர்கிறது. அந்த மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் காந்தப்புலம் சரிந்து முதல் சுற்றில் முந்நூறு, நானூறு வோல்ட் எழும்புகிறது. இரண்டாவது சுற்றில் கம்பிச் சுற்றுகள் ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம் என்பதால் அங்கே முப்பதாயிரம், நாற்பதாயிரம் வோல்ட் வரை ஏறிவிடும். அதுதான் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது.

அந்த வெட்டும் வேலையைச் செய்தது பாயின்ட். எட்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 பொறி வேண்டும். இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் நொடிக்கு இருநூறு முறை தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டும். நான்கு ஆம்பியருக்கு மேல் அவற்றின் வழியாக அனுப்பினால் சீக்கிரமே கருகிவிடும். கேமில் உரசும் துண்டு தேயத் தேய, பொறி விழும் நேரமும் மெல்ல மெல்லத் தள்ளிப்போகும்.

அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் இது தாங்க முடியாத குறையாகிவிட்டது. பொறி ஒருமுறை தவறினாலும் எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குப் போகும். 1975-ல் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அது கெடுத்துவிடும். அதனால் கிரைஸ்லர் 1973 மாடல் கார்கள் முழுவதிலும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1975 மாடல்களிலும் பாயின்ட்டுக்கு விடைகொடுத்தன. அந்த இடத்தில் மாட்யூலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் வந்து உட்கார்ந்தது. அதற்குத் தேய்மானம் கிடையாது. உரசல் இல்லை, கருகல் இல்லை. ஆனால் பாயின்ட்டுக்கு இல்லாத ஒரு பலவீனம் அதற்கு உண்டு. சூடு.

இந்தச் சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் எச்.இ.ஐ. மாட்யூலை எடுத்துக்கொள்வோம். நான்கு முனைகள் கொண்டது. ஒரு பக்கம் டபிள்யூ, ஜி, மறுபக்கம் பி, சி என்று எழுத்துகள் இருக்கும். காயிலுக்கு ஏறக்குறைய 5.5 ஆம்பியர் போனதும் அதற்கு மேல் ஏறாமல் இந்த மாட்யூல் பிடித்து நிறுத்துகிறது. பிடித்து நிறுத்துவதற்கு அது கொடுக்கும் விலைதான் சூடு. காயிலின் மின்தடை அரை ஓம் என்றால், 5.5 ஆம்பியருக்குக் காயிலில் செலவாவது 2.75 வோல்ட் மட்டுமே. வண்டி ஓடும்போது இருப்பது 14 வோல்ட். மீதி 11 வோல்ட்டையும் மாட்யூல் தன் தலையில் சுமக்க வேண்டும். பதினொன்றை ஐந்தரையால் பெருக்கினால் 60 வாட். ஒரு காலத்தில் நம் வீட்டுக் கூடத்தில் எரிந்த 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டிருப்பீர்கள். அந்தச் சூடு, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிலிக்கன் சில்லில் பிறக்கிறது.

நல்லவேளையாக இது எப்போதும் இல்லை. ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் சில மில்லி நொடிகள் மட்டும்தான். நல்ல மாட்யூல் இன்ஜினின் வேகத்தைக் கவனித்து, காயில் நிறைவதற்கு வேண்டிய நேரத்துக்குச் சற்றே முன்னதாகத் தொடங்கி, அளவாக முடித்துக்கொள்கிறது. காயிலில் 5.5 ஆம்பியர் ஏறிய கையோடு வெட்டிவிட்டால் வீணாகும் சூடு மிகக் குறைவு. பெயரில்லாத மலிவு மாட்யூல்களில் பொதுவாகச் சறுக்குவது இந்தக் கணக்குதான். வெளியே பார்த்தால் அதே கறுப்பு நிறம், அதே நான்கு முனை. உள்ளே காயில் நிறைந்த பிறகும் வெட்டாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், சுட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, பிறக்கும் சூடு எங்கே போகும்? சிலிக்கன் சில்லுக்கு ஏறக்குறைய 150 டிகிரிதான் எல்லை. மாட்யூல் உட்கார்ந்திருப்பதோ டிஸ்ட்ரிப்யூட்டருக்குள். செவர்லே வி8-ல் டிஸ்ட்ரிப்யூட்டர் இருப்பது இன்ஜினின் பின்கோடியில், காற்று குறைவாக வரும் மூலையில். ஓடும்போதாவது ரேடியேட்டர் விசிறி காற்றைத் தள்ளுகிறது, தண்ணீர் சுற்றிவந்து இன்ஜினின் சூட்டைச் சுமந்துபோகிறது. சாவியை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். இரும்பில் சேர்ந்திருந்த சூடு போக வழியில்லாமல் பானெட்டுக்குள் மேலெழும்பும். ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட நிறுத்திய பத்தாவது, பதினைந்தாவது நிமிடத்தில்தான் அங்கே சூடு அதிகம். காபி குடித்துவிட்டு வந்தபோது கார் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இதுவே விடை.

இதற்கு அடியில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. எல்லாப் பொருளும் சூட்டில் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒரு டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீள்கிறது. செம்பு 17. மாட்யூலுக்குள் இருக்கும் பீங்கான் தகடு ஏறக்குறைய 7. சிலிக்கன் 3-க்கும் குறைவு. இவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது ஈயப்பற்று. வண்டி கிளம்பிச் சூடாகும்போது ஒருமுறை, நின்று குளிரும்போது ஒருமுறை என்று ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு, பற்றில் மயிரிழைபோல விரிசல் விழுகிறது. சூட்டில் விரிசல் திறக்கும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். மெக்கானிக்கிடம் போகும்போது நோய் மறைந்துவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதனால் மாட்யூலைச் சோதிப்பவர்கள் முடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்கிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். குளிர்ந்த மாட்யூலைச் சோதித்து நல்லது என்று சொல்வதில் பயனில்லை.

சூட்டுக்கு வழிவிடாமல் மாட்யூலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. ஜாகுவார் தன் வி12 இன்ஜினை 1971-ல் இ-டைப் காரில் கொண்டுவந்தபோது அதற்கு லூகாஸின் ஓபஸ் என்ற மின்னணு இக்னிஷனைப் பொருத்தியது. அடுத்த ஆண்டு அதே இன்ஜின் எக்ஸ்ஜே12-க்குள் போனது. அந்த பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை. பேட்டரியைக் குளிர்விக்கவே தனியாக ஒரு சிறு மின்விசிறி வைத்தார்கள். அந்தச் சூட்டில் ஓபஸ் படாதபாடு பட்டது.

இரண்டாவது ஃபோர்டின் டி.எஃப்.ஐ. மாட்யூல். 1980-களின் தொடக்கத்திலிருந்து அதை டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டினாற்போல் திருகி வைத்தார்கள். சூடான இன்ஜின் உடலோடு ஒட்டிய அந்த இடத்தில் மாட்யூல்கள் வெந்தன. ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகிறது என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000-ல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் ஏறத்தாழ 17 லட்சம் வாகனங்களைத் திரும்பப் பெறச் சொன்னார். பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னாளில் வந்த சில மாடல்களில் ஃபோர்டே மாட்யூலை இன்ஜினிலிருந்து பிரித்து, துடுப்புகள் கொண்ட அலுமினியக் கட்டையில் தள்ளிவைத்தது. செய்ய வேண்டியது முதலிலிருந்தே அதுதான்.

கிரைஸ்லர் அந்த வகையில் ஆரம்பத்திலேயே சரியாகச் சிந்தித்தது. அதன் பெட்டி இன்ஜினிலிருந்து விலகி, பின்சுவரில் உட்கார்ந்தது. பவர் டிரான்சிஸ்டர் பெட்டிக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி, காற்றுப் படும்படி இருந்தது. இதில் ஒரு வேதனையான செய்தியும் உண்டு. பின்னாளில் சந்தைக்கு வந்த மாற்றுப் பெட்டிகள் பலவற்றில் வெளியே தெரியும் டிரான்சிஸ்டர் வெறும் மூடி. அதை நெம்பி எடுத்தால் கீழே ஒன்றுமே இருக்காது. உண்மையான டிரான்சிஸ்டர் உள்ளே பிசினுக்குள் புதைந்து, மூச்சுமுட்டிக் கிடக்கும். வாங்குகிறவரின் நம்பிக்கையை இதைவிடக் கேவலமாக ஏமாற்ற முடியாது.

ஆகவே மாட்யூல் தேர்வு செய்வது என்றால் சூடு போகும் வழியையும் சேர்த்துத் தேர்வு செய்வது. முதலில் உங்கள் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் உணரி எந்த வகை என்று பாருங்கள். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டதா, ஹால் வகையா? எச்.இ.ஐ. நான்கு முனை மாட்யூல் முதல் வகைக்கு உரியது. அதிலும் டபிள்யூவையும் ஜியையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கார் ஓடும், ஆனால் பொறி விழும் நேரம் தாறுமாறாகும். அடுத்து காயில். மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் மாட்யூலுக்கு அரை ஓம் காயில் பொருந்தும். அந்த வசதி இல்லாத, பாயின்ட்டுக்குப் பதிலாகப் போடும் எளிய வகைக்கு அதே காயிலைக் கொடுத்தால் நெருப்பில் போட்டதற்குச் சமம். அதற்கு ஒன்றரை ஓமோ மூன்று ஓமோ, தயாரித்தவர் சொன்ன அளவு காயிலே வேண்டும். அந்த வகையில் இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைப்பதும் ஆபத்து. எச்.இ.ஐ. அப்படியல்ல, சுழற்சி நின்றால் காயிலின் மின்சாரத்தையும் தானே நிறுத்திக்கொள்ளும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஓர் உலோகத் தகடு இருக்கும். சூடு வெளியேறும் ஒரே வாசல் அதுதான். அதை வழவழப்பான அலுமினியத்தின் மேல் வைத்துத் திருகினாலும் இரண்டும் முழுதாகத் தொடுவதில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும், பள்ளங்களில் காற்று. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று சூட்டைக் கடத்துவது பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் காற்றை விரட்டத்தான் வெள்ளைப் பசை. கம்ப்யூட்டர் பிராசசரின் மேல் தடவுகிறார்களே, அதே குடும்பம். சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு போன்ற பொடி கலந்தது. காற்றைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் அலுமினியத்தோடு பார்த்தால் அதுவும் மோசமான கடத்திதான். எனவே தாராளமாக அப்பினால் பசையே தடுப்புச் சுவராகிவிடும். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தடவுவதுபோல், உலோகத்தின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்குத் தடவினால் போதும்.

மாட்யூலைத் தள்ளிவைக்க நினைப்பவர்கள் துடுப்புகள் உள்ள தடித்த அலுமினியத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். புகைக்குழாய்க்கு மேலே வேண்டாம், ரேடியேட்டரின் வெந்த காற்று அடிக்கும் இடமும் வேண்டாம். முன்பக்கச் சுவரில், வெளிக்காற்று படும் மூலை நல்லது. எச்.இ.ஐ. மாட்யூலுக்குத் திருகே எர்த் என்பதை மறந்துவிடக் கூடாது. வண்ணம் பூசிய தகரத்தில் திருகினால் எர்த் கிடைக்காது. அலுமினியத் துண்டிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தனிக் கம்பி இழுத்துவிடுங்கள்.

ஜாகுவாரின் கதை முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் ஓபஸுக்கு மாற்றாக வி12-க்கு லூகாஸ் கொடுத்த பெட்டியைத் திறந்தவர்கள் உள்ளே ஜெனரல் மோட்டார்ஸின் அதே நான்கு முனை மாட்யூலைப் பார்த்தார்கள். அமெரிக்கச் சில்லு, ஆங்கிலேயப் பெட்டி. அந்தப் பெட்டி வார்ப்பு அலுமினியத்தில் செய்தது.

உங்கள் வண்டியில் மாட்யூல் மாற்றும் நாளில் புதியதை எடுக்கும் முன் பழையதன் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பசை காய்ந்து பொடியாகியிருந்தால், அல்லது பசையே இல்லாமல் இருந்தால், புதியதும் அதே இடத்தில் அதே விதமாகத்தான் சாகும். தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, புதிதாக மெல்லத் தடவி, திருகை இறுக்கிய பிறகு சாவியைத் திருப்புங்கள்.