தரவுத்தளம் கற்பிக்கும் முறை

கணினிக்குக் கட்டளையிடக் கற்பித்தல் ஒன்று. கணினியிடம் வினாவக் கற்பித்தல் மற்றொன்று. முன்னையதில் மாணவர் பிழை செய்வாராயின், பல வேளைகளிற் கணினியே இடைநின்று பிழையை உணர்த்திவிடும். பின்னையதிலோ, பொருந்தாத வினாவுக்கும் அது தயக்கமின்றி ஒரு விடையைத் தந்துவிடும். அவ்விடையும் ஒழுங்கான அட்டவணையாய், ஐயத்துக்கு இடந்தராத தோற்றத்தோடு வந்து நிற்கும். ஆதலின், பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் எதனை முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பது சிந்தித்தற்குரியது.

பலரும் பல தேவைகளுக்கு எடுத்தாளத்தக்க வகையிற் செய்திகளை ஒழுங்குபடத் தொகுத்து வைத்த களஞ்சியமே தரவுத்தளம். 1960களிற் பெருங்கணினிகளில் இருந்த இத்தகைய களஞ்சியங்கள் பலவற்றில், ஒரு செய்தியைப் பெற விரும்புவோர் அது எவ்வழியே கோக்கப்பட்டுள்ளது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளராகிய எட்கர் கொட் என்பவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் வேறொரு நெறியைக் காட்டினார். செய்திகள் யாவும் அட்டவணைகளாக அமைதல் வேண்டும்; வேண்டுவது யாது என்பதை மாத்திரம் மனிதர் கூறுதல் வேண்டும்; அதனைத் தேடும் வழியைக் கணினி கண்டுகொள்ளும் என்பதே அந்நெறி. அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் 1974இல் அதற்கேற்ற வினவல் மொழியொன்றை அமைத்தனர். அதுவே எஸ்.கியூ.எல். என்னும் பெயரோடு இன்று உலகெங்கும் வழங்குவது.

இம்மொழியின் அடிப்படைச் சொற்கள் சிலவே. அவற்றை மாணவர் சில நாட்களில் மனத்திற் பதித்துவிடுவர். இடர்ப்பாடு தொடங்குவதும் இவ்வெளிமையினாலேயே. சொற்களை அறிந்தவர் வினாவவும் அறிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர்.

ஆகவே, கணினியைத் தொடுவதற்கு முன்னர்த் தாளும் பென்சிலும் கொண்டு தொடங்குதல் நன்று. ஓர் உதாரணத்தை நோக்குவோம். மாணவர் பெயர், முகவரி, பாடநெறி, விரிவுரையாளர், புள்ளி ஆகிய அனைத்தையும் ஒரே அட்டவணையில் எழுதுவதாகக் கொள்வோம். நான்கு பாடநெறிகளைப் பயிலும் மாணவியின் முகவரி நான்கு நிரைகளில் இடம்பெறும். அவர் வீடு மாறும்போது மூன்று நிரைகளைத் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், அவருக்கு இரண்டு முகவரிகள் உண்டாகிவிடும். எவரும் இன்னும் சேராத புதிய பாடநெறியை எழுதவோ இடமில்லை. ஒரு பாடநெறியிற் பயின்ற ஒரேயொரு மாணவர் விலகி, அவருடைய நிரையும் நீக்கப்படுமாயின், அப்பாடநெறி பற்றிய செய்தியே அழிந்துபோகும்.

இம்மூன்று குறைகளையும் மாணவர் தாமே கண்டுகொள்ளுமாறு செய்த பின்னர், ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: “இவ்வட்டவணையின் ஒரு நிரை கூறும் உண்மை யாது?” மாணவர் பற்றியதா, பாடநெறி பற்றியதா, இவர் இதனைப் பயில்கின்றார் என்பதா? மூன்றும் என்பது விடையாயின், அட்டவணையும் மூன்றாகப் பிரிதல் வேண்டும். மாணவர்க்கு ஒன்று, பாடநெறிக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என ஆகும்போது, முகவரி ஓரிடத்தில் மாத்திரமே நிற்கும். ஒவ்வொரு மாணவரையும் ஐயமின்றிச் சுட்டும் சுட்டெண் முதன்மைச் சாவி எனப்படும். அவ்வெண்ணே பதிவு அட்டவணையிலும் இடம்பெற்று இரண்டையும் இணைக்கும். கொட் வகுத்த இயல்பாக்கம் என்னும் கோட்பாடு இப்பிரிப்பையே முறைப்படுத்துகின்றது. விதியை முதலிற் கூறி உதாரணத்தைப் பின்னர்க் காட்டுவதிலும், குறையை முதலிற் காட்டி விதியைப் பின்னர்க் கூறுவதே மாணவர் மனத்தில் நிலைக்கும்.

இனி, வினவலுக்கு வருவோம். ஐந்து மாணவர் உளர். அவருள் நால்வர் தலைக்கு இரண்டு பாடநெறிகளுக்குப் பதிந்துள்ளனர். ஐந்தாமவர் ஒன்றுக்கும் பதியவில்லை. “ஒவ்வொரு மாணவரும் எத்தனை பாடநெறி பயில்கின்றார்?” என்பது வினா. மாணவர் அட்டவணையையும் பதிவு அட்டவணையையும் வழக்கமான முறையில் இணைத்து எண்ணினால், நான்கு பெயர்களே வரும். இணைக்க வேறொரு நிரை இல்லாமையால் ஐந்தாமவர் விடையிலிருந்து மறைந்துவிடுகின்றார். பிழைச் செய்தி யாதும் தோன்றாது. எவருக்கு உதவி தேவை என்பதை அறியவே பீடாதிபதி இப்பட்டியலைக் கேட்டிருப்பாராயின், தேடப்பட்டவரே அதில் இல்லாமற் போகின்றார்!

இதற்கு மருந்தாக வெளி இணைப்பு என்னும் முறை உண்டு. அது ஐந்தாமவரையும் பாடநெறிக்குரிய இடம் வெறுமையாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஆயினும், அங்கே நிரைகளை எண்ணுமாறு பணித்தால் அவருக்கு 1 என்ற விடை வரும். பாடநெறிச் சுட்டெண்களை எண்ணுமாறு பணித்தாலே 0 என்ற சரியான விடை வரும். ஒரு சொல்லின் வேறுபாட்டினால், ஒன்றும் பயிலாதவர் ஒன்றைப் பயில்பவராகக் காட்டப்படுகின்றார்.

இவற்றைத் தவிர்க்கும் பயிற்சி அரிதன்று. வகுப்பிற் கொடுக்கும் தரவு, கையால் எண்ணத்தக்க அளவிற் சிறிதாய் இருத்தல் வேண்டும். பதியாத மாணவர், எவரும் சேராத பாடநெறி, ஒரே பெயருடைய இருவர், இன்னும் இடப்படாத புள்ளி என்பன அதில் வேண்டுமென்றே சேர்க்கப்படல் வேண்டும். மாணவர் தாம் எதிர்பார்க்கும் விடையைத் தாளில் எழுதிய பின்னரே வினவலைக் கணினியில் இடுதல் வேண்டும். இரண்டும் மாறுபடின், காரணத்தை எழுத்தில் விளக்குதல் வேண்டும். அவ்விளக்கத்துக்கும் புள்ளி வழங்குதல் முறையாகும். பத்து நிரைகளில் இவ்வாறு பழகியவர், பத்திலட்சம் நிரைகளின் முன்னே நிற்கும்போதும் விடையை உடனே நம்பிவிடார்.

வைத்தியசாலை, வங்கி, பாடசாலை, அரச அலுவலகம் யாவும் இன்று இத்தகைய அட்டவணைகளைக் கொண்டே மக்களை அறிகின்றன. நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பம் இடம்பெறாது போவதற்கு எவருடைய தீயெண்ணமும் வேண்டியதில்லை. ஆராயாமல் எழுதிய ஒரு வினவலே போதும். கணினி தந்த விடையைக் கண்டதும், “இதில் வராதவர் எவர்?” என்று கேட்கும் வழக்கத்தை மாணவரிடம் உண்டாக்கிவிட்ட ஆசிரியர், இப்பாடத்தின் பயனை அவருக்கு அளித்துவிட்டார் எனலாம்.