உங்களுக்குத் தெரியுமா? வானொலிக்கென்றே பிறந்த இசைக்குழு

இத்தாலிய இசை நடத்துநர் அர்த்துரோ தொஸ்கானினிக்காக அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி 1937இல் ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவையே உருவாக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று அவரது முதல் கச்சேரி நியூயார்க்கின் 8எச் அரங்கிலிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்பானது. அப்போது அவருக்கு வயது 70. கண்பார்வை மங்கியிருந்ததால், நீண்ட படைப்புகளையும் இசைக்குறிப்பைப் பார்க்காமல் நினைவிலிருந்தே நடத்தினார்.

இசைப் பருவங்களில் வாரந்தோறும் கச்சேரிகள் நேரடியாக ஒலிபரப்பாயின. நகரத்து இசையரங்கை எட்ட முடியாத சிற்றூர்க் குடும்பங்களும் பீத்தோவனையும் பிராம்ஸையும் வீட்டிலிருந்தே கேட்டன. இந்நிகழ்ச்சியின் ஆகப்பெரிய கொடை அதுதான்.

போர்க்காலத்தில் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி நுண்படச் சுருளாகச் சோவியத் நாட்டிலிருந்து தெஹ்ரான், கெய்ரோ வழியாக அமெரிக்கா சேர்ந்தது. அங்கு அது முதன்முதலாக 1942 ஜூலை 19 அன்று இந்நிகழ்ச்சியில்தான் ஒலித்தது.

8எச் அரங்கில் எதிரொலி மிகக் குறைவு. அதனால் இசை வறண்டு ஒலிப்பதாக விமர்சகர்கள் குறைகூறினர். பின்னர் கச்சேரிகள் கார்னகி அரங்குக்கு மாறின. 1954 ஏப்ரல் 4 அன்று தொஸ்கானினி வாக்னரின் படைப்புகளை நடத்தி விடைபெற்றார். என்.பி.சி. குழுவைக் கலைத்தபோதும் கலைஞர்கள் பிரியவில்லை. ‘சிம்பொனி ஆஃப் தி ஏர்’ என்ற பெயரில் தாங்களே தொடர்ந்து இசைத்தனர்.