எழுவாய் யாது?

சென்ற தை மாதத்து மாலையொன்றில் எங்களூர்த் தேவாலயத்தின் இளம் போதகர் ஒரு கட்டுத் தாள்களோடு என் இல்லம் வந்தார். அவர் ஒருகால் என்னிடம் நன்னூல் கேட்டவர். அறுவடைப் பண்டிகைக்கென நாற்பது பாட்டுக்களைத் தொகுத்து அச்சிட இருப்பதாகக் கூறி, “பண்டிதர் ஐயா, சந்தியும் யாப்பும் பார்த்துத் தாருங்கள், பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். சொல் எனக்கு, பொருள் அவருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். அப்பிரிவினை ஒரு நாழிகையும் நிலைக்கவில்லை.

முதலில் இடறியது ‘நம்’ என்னும் சிறு சொல். ஒரு பாட்டு இறைவனை முன்னிலைப்படுத்தி, நம் பாவங்களைப் பொறுத்தருளுக என்று வேண்டிற்று. ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்தும்; ‘யாம்’, ‘நாங்கள்’ என்பன உளப்படுத்தா. எனவே அப்பாட்டின்படி, கேட்டுக்கொண்டிருக்கும் இறைவனும் பாவிகளுள் ஒருவராகிவிடுகின்றார்! யாழ்ப்பாணத்துப் பேச்சில் இவ்வேறுபாடு மழுங்கிப்போயிற்று. ஆதலால் பாடுவோர் எவருக்கும் அது உறுத்தவில்லை போலும். கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழாக்கியோர் ‘எங்கள்’ என்றே அமைத்தமை தற்செயலன்று. நல்வாய்ப்பாக, ‘நம்’மும் ‘எம்’மும் நேரசையே. ஓரெழுத்தை மாற்றினேன், யாப்பு அசையவில்லை. இது யார் பாகத்துப் பிழை என்று போதகரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

பாட்டுத்தானே, பக்தி இருந்தாற் போதாதா என்பார் உளர். நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்பார், மகன் படைக்கப்பட்டவரே எனத் தாம் கொண்ட கொள்கையைப் பாட்டாக்கிப் பரப்பினார். அக்கொள்கையை மறுக்க 325ஆம் ஆண்டில் நிசேயாவில் ஆயர்கள் கூடவேண்டியதாயிற்று. 373இல் மறைந்த சிரியமொழிப் புலவர் எப்பிரேம், மாற்றுக்கொள்கையாளரின் பாட்டுக்களைப் பாட்டாலேயே எதிர்த்தார். பிரசங்கம் மறந்துபோம், பாட்டு நாவில் தங்கும். சைவ அன்பர்க்கு இவ்வழக்கு அந்நியமாகத் தோன்றின், பதியிலக்கணம் பிறழப் பாடிய ஒரு பாட்டைச் சித்தாந்தி இசைக்காகப் பொறுப்பாரோ என எண்ணிப் பார்க்க.

இனி என் கதை. இருபத்திரண்டாம் பாட்டு யான் எழுதியது. பத்தொன்பது வயதில், உபதேசியார் கேட்டுக்கொண்டபடி அதே பண்டிகைக்கு இயற்றிக் கொடுத்தேன். ஊரில் எனக்குப் புலவன் என்ற பெயர் அதனால் வந்தது. என் தாயாரின் அடக்க ஆராதனையிலும் அதைப் பாடினார்கள். பிழை தேடும் கண்ணோடு அதனை யான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போதகர் அத்தாளை எடுத்துத் தயங்கினார். பின்னர், என் வகுப்பில் யான் கேட்கும் அதே தொனியில், “ஐயா, மூன்றாஞ் சரணத்தில் எழுவாய் யாது?” என்றார்.

பல்லவி பிதாவை விளிக்கிறது. சரணங்கள் மழை தந்தாய், மண் தந்தாய் என அவரையே முன்னிலையாக்கிச் செல்கின்றன. மூன்றாஞ் சரணத்தில் ஓரடி ‘பயிர்’ என்று தொடங்க, அதற்கு எதுகை தேடிய இளைஞன் அடுத்த அடியை ‘உயிரீந்தாய் சிலுவையில்’ என்று முடுக்கியிருக்கின்றான். தோன்றா எழுவாய் பிதாவே. ஆகவே சிலுவையில் மரித்தவர் பிதா என்றாகிறது.

“மூவரும் ஒருவரே அன்றோ?” என்று வாதித்துப் பார்த்தேன். “கடவுள் ஒருவரே, ஆயினும் பிதா மகன் அல்லர்” என்றார் அவர். பிதாவே பாடுபட்டார் என்ற கொள்கையை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் என்னும் ஆசிரியர் எதிர்த்தெழுதினார் என்றும், அனுப்பியவரும் அனுப்பப்பட்டவரும் ஒரே ஆளெனின் கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு யாரை நோக்கிச் செபித்தார் என்றும் கேட்டார். விடை என்னிடம் இல்லை. முப்பதாண்டுக்கு மேலாக ஒரு சபை என் எதுகைக்காகப் பிழையான விசுவாசத்தைப் பாடிவந்திருக்கிறது. பிறர் செய்யுளில் ஓர் ஒற்று மிகாவிடினும் சிவப்புக் கோடிடும் கை இது!

ஒன்று சொல்லவேண்டும். பிழை களைதல் என்ற பெயரில் எல்லாவற்றையும் வெட்டுவோர் பக்கம் யான் இல்லை. உருவகம் பிழையன்று. பிற சமயப் பக்தியிலக்கியத்திற் பயின்ற சொல் என்பதும் ஒரு குற்றமன்று. வைணவராய்ப் பிறந்த கிருஷ்ணபிள்ளை கம்பன் வழிநின்றே 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார். பாடுவோர் நெஞ்சையும் எண்ணவேண்டும். 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் பழைய வேதமொழிபெயர்ப்பையும் பாடல் வழக்கையும் மாற்ற முற்பட்டபோது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எவ்வளவு கொதித்தெழுந்தார்! பின்னர் அவருடைய கீர்த்தனைகள் பலவற்றைச் சேர்த்து 1853இல் நூலாக்கியவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் என்பவர். அம்மிஷன் 1834இல் நமது யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாகத் தோன்றியது.

‘உயிரீந்தாய்’ என்பதை ‘மகவீந்தாய்’ என்று திருத்தினேன். சீர் அதுவே, புளிமாங்காய். எதுகைதான் போயிற்று. போகட்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டேனாயினும், அன்றிரவு உறக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்?

பண்டிகை நாளில் ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகள் முன்வரிசையில் நின்று, அச்சிட்டபடி ‘மகவீந்தாய்’ என்று பாடினர். பின்வரிசை முதியோர் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. என் பெரிய மாமி எல்லோரினும் உரத்து ‘உயிரீந்தாய்’ என்றார். போதகர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். யான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.