வால் முளைத்த வினைகள்

இங்கிலீஷ் பாஷையில் நெடிய சொற்களைக் கண்டு அஞ்சுவது நம்மவர் வழக்கம். உண்மையில் அஞ்ச வேண்டியது குட்டிச் சொற்களைக் கண்டுதான். ‘கிவ்’ என்றால் கொடு என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ‘அப்’ என்றால் மேலே. அப்படியானால், ஒருவர் புகையிலையை ‘கிவ் அப்’ செய்தார் என்றால், அதை மேலே தூக்கிக் கொடுத்தார் என்றா பொருள்? இல்லை, அடியோடு விட்டொழித்தார் என்று பொருள்! ‘புட்’ என்பது வை. ‘புட் ஆஃப்’ என்பதோ ஒத்திப் போடு. ‘புட் அவுட்’ என்பது நெருப்பை அணை. ‘புட் அப் வித்’ என்பது பொறுத்துக்கொள். வால் மாறினால் பிராணியே வேறாகிவிடுகிறது.

இந்தச் சங்கடம் புதிதன்று. 1755-ல் வெளிவந்த தமது அகராதியின் முகவுரையிலேயே டாக்டர் ஜான்ஸன், அந்நியருக்கு மிகுந்த சிரமம் தருபவை இவையே என்று கூறி, இவற்றைக் கவனமாகக் குறித்திருப்பதாகத் தெரிவிக்கிறார். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரை 1925-ல் தமது நூலில் வழங்கியவர் லோகன் பியர்ஸல் ஸ்மித். 1930-ல் ஸி. கே. ஆக்டன், 850 சொற்களே கொண்ட ‘பேஸிக் இங்கிலீஷ்’ ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே! வால்களை ஒட்டியே மற்ற வினைகளின் வேலையையும் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

நமக்கு இங்கிலீஷ் வந்த வழி பாடப் புத்தகமும் கச்சேரியும் காரியாலயமும். ஆகவே ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்று லத்தீன் வழிச் சொற்களைத் தயங்காமல் எழுதுகிறோம். அடுப்பங்கரையிலும் கடைத்தெருவிலும் இங்கிலீஷ்காரர் அவற்றுக்குப் பதிலாகப் பெரும்பாலும் சொல்வது மேலே கண்ட மூன்று ‘புட்’டுக்களைத்தான்.

இது வெறும் இலக்கண வேடிக்கை அன்று. நம் பெண்கள் பலர் பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் தாதியராகப் பணிபுரிகிறார்கள். ‘பாஸ் அவுட்’ என்றால் நம் ஊரில் கல்லூரிப் படிப்பை முடித்தல்; அங்கே ஒரு நோயாளி சொன்னால், மூர்ச்சையானேன் என்று பொருள். ‘த்ரோ அப்’ என்றால் எதையும் மேலே எறியவில்லை; வாந்தி எடுத்தார். ‘கம் ரவுண்ட்’ என்றால் சுற்றி வரவில்லை, நினைவு திரும்பியது. ‘பாஸ் அவே’ என்றாலோ உயிர் நீத்தார். ‘அவுட்’டுக்கும் ‘அவே’க்கும் நடுவே ஓர் உயிரே இருக்கிறது!

இவற்றை வசப்படுத்த வழி என்ன? நம் தமிழே காட்டுகிறது. ‘கண்டுபிடி’ என்னும்போது நாம் காண்பதையும் பிடிப்பதையும் தனித்தனியாகவா நினைக்கிறோம்? ‘விட்டுக்கொடு’ என்றால் எதை விட்டு எதைக் கொடுப்பது என்று யாராவது கேட்கிறார்களா? குழந்தைப் பருவத்திலிருந்தே முழுச் சொல்லாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கிலீஷையும் அவ்வாறே பழக வேண்டும். உறுப்புகளைப் பிய்த்துப் பாராமல், முழு வாக்கியமாக மனத்தில் பதிய வைப்பதே முறை.

ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத்தக்கது. விளக்கை அணைக்கச் சொல்ல, ‘டர்ன் ஆஃப் தி லைட்’ என்றாலும் சரி, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ என்றாலும் சரி. ஆனால் ‘அதை’ என்று சுட்டும்போது ‘டர்ன் இட் ஆஃப்’ என்றே சொல்ல வேண்டும். ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. எல்லா வினையும் இப்படிப் பிரிய இசையாது. அவனைக் கவனித்துக்கொள் என்பதற்கு ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே வழக்கு. ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்பது கிடையாது.

குழந்தைகள் அகராதியைப் புரட்டும்போது ‘லுக்’ என்றால் பார் என்பதோடு புத்தகத்தை மூடிவிட விடாதீர்கள். அதன் கீழே உள்ள ‘லுக் இன்டு’, ‘லுக் அப் டு’, ‘லுக் டவுன் ஆன்’ ஆகியவற்றையும் படிக்கச் சொல்லுங்கள். விசாரிப்பதும், போற்றுவதும், இகழ்வதும் அந்த வால்களிலேதான் இருக்கின்றன.