காய்ச்சலா? அக்குளைப் பாருங்கள்!

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், "கொசு கடிச்சிருக்கும், டெங்குவா இருக்குமோ?" என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள்.

கொசுவுக்குச் சம்பந்தமே இல்லாத காய்ச்சல் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் இதை "ஸ்கிரப் டைபஸ்" என்பார்கள். கிராமத்தில் மட்டுமல்ல, சென்னை நகரிலும் இது வருகிறது.

குட்டி எதிரி

நாய், மாட்டின் மேல் ஒட்டியிருக்குமே, அந்த உண்ணி அல்ல இது. புல், புதர், எலி நடமாடும் காலி மனைகளில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் குஞ்சு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கடித்தாலும் வலிக்காது.

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் குளிர் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி, இருமல் வரும். டெங்கு, டைபாய்டு மாதிரியே இருப்பதால் ஆளை ஏமாற்றிவிடும்.

காட்டிக் கொடுக்கும் புண்

ஆனால் ஓர் அடையாளம் உண்டு. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். சுற்றிலும் சிவந்திருக்கும். வலியோ அரிப்போ இருக்காது. அதனால் நோயாளிக்கே தெரிவதில்லை.

அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம் ஆகிய மறைவான இடங்களில்தான் அது அதிகம் வரும்.

"அங்கே எல்லாம் எப்படிக் காட்டுறது?" என்று கூச்சப்படக் கூடாது. அந்தக் கூச்சம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

எல்லாருக்கும் புண் வராது. புண் இல்லை என்பதற்காகக் காய்ச்சலை அலட்சியம் செய்யவும் கூடாது.

மலிவான மாத்திரை

டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற மாத்திரைகள் இதைக் குணப்படுத்தும். விலை குறைவுதான். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும். உயிரும் போகலாம்.

நோய் முற்றியவர்களுக்கு இந்த 2 மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினால் கூடுதல் பலன் கிடைக்கிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-ல் இதை உலகத்துக்குச் சொன்னது.

தப்பிக்க வழி

வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள். எலியை ஒழியுங்கள். துணியைப் புல் மேல் காயப் போடாதீர்கள். தோட்ட வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

இந்தக் காய்ச்சல் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டாம். அவர் உடம்பில் கறுப்புப் புண் இருக்கிறதா என்று வீட்டார் பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரி!