வெப்பமும் ஒலியும் மின்னும்

இயற்கைச் சக்திகளுள் மனிதன் முதன்முதல் தன்வயப்படுத்தியது தீயின் வெப்பமே யாகும். அதனைக் கொண்டு அவன் உணவு சமைத்தான், மட்கலம் சுட்டான், உலோகம் உருக்கினான். ஆயினும் வெப்பத்தைக் கொண்டு பொறியை இயக்கலாம் என்பதை அறிதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, வெப்பத்தை மின்னாக்குவோர் பெரும்பாலும் ஒரே நெறியினையே பின்பற்றி வந்துள்ளனர். நீரைக் கொதிக்க வைத்து, அந்நீராவியாற் பொறியையோ சுழலியையோ இயக்கி, அதனால் மின்பிறப்பாக்கியைச் சுழற்றுவதே அந்நெறி. இவை யாவுமின்றி, ஒலியலை ஒன்றையே இடையில் நிறுத்தி வெப்பத்தை மின்னாக மாற்றும் பிறிதொரு நெறியும் உண்டு. அதன் இயல்பினையும், அதனால் ஈழத்தின் கீழ்கரை ஊர்களுக்கு விளையத்தக்க பயனையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வெறும் அறிவு வேட்கையின்பாற் பட்டதன்று. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே அமைந்தது சாம்பல்தீவு. அங்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விறகடுப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருட் பஞ்சத்தால் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. சமையல் வாயுவும் கிடையாமையால், அடுப்பு மாற்றிய குடும்பங்களும் மீண்டும் விறகையே நாடின. அந்நாள்களில் ஒரே வீட்டில் அடுப்பிலே தீ எரிந்தது. படிக்கும் மேசைமேல் விளக்கு எரியவில்லை. அடுப்பின் வெப்பத்தில் ஒரு சிறு கூற்றையேனும் விளக்கின் ஒளியாக மாற்றுதல் கூடுமோ என்னும் வினா, ஆதலால், உயிருள்ள வினாவே யாகும்.

ஒலியினுள் வெப்பம்

ஒலியென்பது காற்றில் மாறிமாறி நிகழும் நெருக்கமும் ஐதாதலுமே என்பது மாணவர் பலரும் அறிந்ததே. ஆயின் நெருக்கத்தோடு வெப்பநிலை ஏற்றமும், ஐதாதலோடு வெப்பநிலை இறக்கமும் உடன் நிகழ்கின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை நோக்குக. அமுக்கப்பட்ட காற்றுச் சூடேறுதலும் அதற்கு ஒரு காரணமாம்.

நியூற்றன் 1687 இல் ஒலியின் வேகத்தைக் கணித்தபோது இவ்வெப்பநிலை மாற்றத்தைக் கருதினாரல்லர். அதனால் அவர் பெற்ற விடை உண்மை வேகத்தினும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்திருந்தது. 1816 இல் பிரெஞ்சு அறிஞர் லாப்பிலாஸ் இக்குறையின் காரணத்தைக் காட்டினார். ஒலியின் நெருக்கமும் ஐதாதலும் மிக விரைவாக நிகழ்வதால், தோன்றும் வெப்பம் வெளியேறுதற்கு நேரம் இல்லை என்பதே அவர் கண்ட உண்மை. இருவர் உரையாடும் ஒலியில் இவ்வெப்பநிலை மாற்றம் ஒரு பாகையின் பதினாயிரத்திலொரு பங்கினும் மிகாது. செவிக்கும் தோலுக்கும் அது புலப்படாது. மூடிய குழாயினுள் உயர்ந்த அமுக்கத்தில் எழுப்பப்படும் வலிய ஒலியிலோ அது பல பாகை அளவினதாகப் பெருகும். இவ்வாறு ஒலி வெப்பத்தை ஏந்திச் செல்லுமாயின், வெப்பம் ஒலியை எழுப்புதலும் கூடும் என்பது பெறப்படும்.

பாடும் குழாய்கள்

அது கூடும் என்பதைக் கண்ணாடி ஊதும் தொழிலாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர். நீண்ட குளிர்ந்த குழாயின் நுனியில் ஒரு சூடான கண்ணாடிக் குமிழை ஊதியதும், சிலவேளைகளில் அக்குழாய் தானே ஒலித்தது. 1777 இல் பைரன் ஹிக்கின்ஸ் என்பார், இருபுறமும் திறந்த குழாயினுள் ஐதரசன் சுடரை உரிய இடத்தில் நிறுத்தியபோது குழாய் பாடுவதைக் கண்டார். 1850 இல் ஜெர்மானியராகிய சொண்டவுஸ், கண்ணாடித் தொழிலாளர் கண்ட நிகழ்ச்சியை முறையாக ஆராய்ந்தார். 1859 இல் ஒல்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் றைக்கே, இவற்றுள் மிக எளிய பரிசோதனையைச் செய்து காட்டினார்.

றைக்கேயின் பரிசோதனை பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யத்தக்கது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான, இருபுறமும் திறந்த இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து, கீழ்முனையிலிருந்து நீளத்தின் காற்பங்கு உயரத்தில் ஒரு கம்பிவலையை இறுகப் பொருத்துக. குழாயை நிமிர்த்திப் பிடித்து, வலை செந்நிறம் அடையும்வரை சுடரால் வெப்பமேற்றிச் சுடரை நீக்கிவிடுக. நீக்கிய சிறு பொழுதில் குழாய் உரத்த குரலெடுத்து ஒலிக்கும். வலை ஆறும்வரை அவ்வொலி நிலைக்கும். ஒரு மீற்றர்க் குழாய்க்கு அதன் மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 170 ஆகும். குழாயைக் கிடையாகச் சரித்தால் ஒலி நின்றுவிடும். மீண்டும் நிமிர்த்தினால் ஒலிக்கும். வலையை மேற்பாதியில் வைத்தாலோ எவ்வளவு வெப்பமேற்றினும் குழாய் வாய் திறவாது.

காலத்தாற் செய்த உதவி

வெப்பத்தின் அளவு ஒன்றாயிருக்கவும், கீழே வைத்தால் ஒலிப்பதும் மேலே வைத்தால் ஒலியாமையும் ஏன்? இதற்குத் தெளிவான விடையை 1878 இல் ஆங்கில அறிஞர் றேலிப் பிரபு அளித்தார். காற்று மிக நெருங்கிய கணத்தில் அதற்கு வெப்பத்தைக் கொடுத்து, மிக ஐதாகிய கணத்தில் வெப்பத்தை எடுத்தால் அதிர்வு வளரும். அம்முறை மாறினால் அதிர்வு தளரும். இதுவே றேலியின் விதி. ஊஞ்சலை ஆட்டுவோன் அது திரும்பும் தறுவாயில் தள்ளினால் ஆட்டம் பெருகுகின்றது. எதிர்வரும்போது தள்ளினால் குறைகின்றது. தள்ளும் வலிமை இரண்டிடத்தும் ஒன்றே, காலமே வேறு.

இவ்விதியைக் குழாயிற் பொருத்திக் காண்க. ஒலி எழும்போது குழாயின் இருமுனைகளிலிருந்தும் காற்று நடுவை நோக்கி விரைந்து நெருங்கும். பின்னர் வெளிநோக்கி விலகும். சூடான வலையாலோ குழாயினுள் எப்போதும் ஒரு மேன்முகக் காற்றோட்டம் உண்டு. கீழ்ப்பாதியில், உட்செல்லும் அசைவு இம்மேன்முக ஓட்டத்தோடு இணைந்து செல்கின்றது. குளிர்ந்த புதுக்காற்று மிகுதியாக வலையைக் கடக்கவே, நெருக்கம் வளரும் வேளையிலேயே வெப்பம் மிகுதியாகக் காற்றிற் சேர்கின்றது, ஒலியும் வளர்கின்றது. மேற்பாதியில் உட்செல்லும் அசைவு ஓட்டத்துக்கு எதிரானது. ஆங்கு வெப்பம் தவறிய வேளையிற் சேர்ந்து ஒலியை அடக்குகின்றது. கிடையாக்கிய குழாயில் மேன்முக ஓட்டமே இல்லையாதலின் ஒலியும் இல்லை. வெப்பத்தின் மிகுதி மட்டும் ஒலியை எழுப்பாது என்பதும், தாளம் தவறாத வெப்பமே எழுப்பும் என்பதும் இதனாற் தெளிவாம்.

ஒலியிலிருந்து மின்

எழுந்த ஒலியை மின்னாக்குதல் கடினமன்று. ஒலிபெருக்கியில் மின்னோட்டம் காந்தப் புலத்தினுள் உள்ள சுருளை அசைக்க, சுருளோடு இணைந்த கூம்பு காற்றை அசைக்கின்றது. அதே கருவியைத் தலைகீழாக இயக்கினால், காற்று கூம்பை அசைக்கும். கூம்பு சுருளை அசைக்கும். சுருளில் மின் தோன்றும். பெரிய பொறிகளில் ஒலிபெருக்கிக்குப் பதிலாக முன்னும் பின்னும் இயங்கும் மின்பிறப்பாக்கியை அமைப்பர்.

வலிய ஒலியைச் சிக்கனமாக எழுப்புவதே கடினம். றைக்கேயின் குழாய் வெப்பத்திற் பெரும்பகுதியை வீணாக்குகின்றது. இக்குறையை நீக்கும் வழியைச் செப்பர்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1979 இல் காட்டினார். 1816 இல் ஸ்கொத்லாந்துக் குருவானவர் ஸ்டேர்லிங், அடைபட்ட வாயுவை நெருக்கி, சூடேற்றி, விரித்து, குளிர்வித்து இயங்கும் பொறி ஒன்றை அமைத்திருந்தார். அப்பொறியில் வாயுவை நடத்துவன ஆடுதண்டுகள். குழாயில் ஒரு திசையாகச் செல்லும் ஒலியலையும் வாயுவை அதே ஒழுங்கில் நடத்துகின்றது என்பதைச் செப்பர்லி உணர்ந்தார். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் பேணப்பட்ட நுண்ணிய கம்பிவலை அடுக்கினூடே ஒலியலை செல்லுமாயின், அடுக்கு அலைக்குத் தாளம் தவறாது வெப்பத்தை ஈந்து அதன் வலியைப் பெருக்கும். வெப்பம் மிக்க பகுதியில் தேய்வுறும் ஆடுதண்டும் இல்லை. அதற்கு எண்ணெயும் வேண்டா.

அக்கருத்து மெய்ப்படுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. 1999 இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் பக்கவுஸ், சுவிஃப்ட் என்னும் இருவர், வளிமண்டல அமுக்கத்தைப்போல் 30 மடங்கு அமுக்கத்தில் ஈலியம் நிரப்பிய பொறி ஒன்றை அமைத்து, கொடுத்த வெப்பத்தில் நூற்றுக்கு 30 வீதத்தை ஒலிச்சக்தியாகப் பெற்றனர். 2004 இல் பக்கவுசும் வேறிருவரும், விண்கலங்களிற் பயன்படும் நோக்கோடு, வெப்பத்தில் நூற்றுக்கு 18 வீதத்தை மின்னாக்கும் சிறு பொறியைச் செய்து காட்டினர்.

பகையாகிய ஒலி

இவ்விதி நன்மை மட்டுமே செய்வதன்று. ஏவூர்தியின் எரியறையில் எரிதலும் அமுக்கமும் தற்செயலாகத் தாளமொத்து விட்டால், எழும் ஒலி எரியறையையே உடைத்துவிடும். மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டு சென்ற சற்றேண் ஏவூர்தியின் எஃப்-1 பொறியில் இவ்விடர் தோன்றியது. அதனை அடக்க 1960 களின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஏறத்தாழ 2,000 முழுவளவுச் சோதனைகள் நடத்த வேண்டியதாயிற்று.

இத்துறையில் இன்று உலகறிந்த ஆராய்ச்சி சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் நடைபெறுகின்றது. அங்கு வான்வெளிப் பொறியியற் பேராசிரியராகிய ஆர். ஐ. சுஜித்தும் அவர்தம் மாணவரும், றைக்கேயின் குழாயையும் கொந்தளிக்கும் சுடர்களையும் ஆராய்ந்து வருகின்றனர். பேரொலி திடீரெனத் தோன்றுவதில்லை. ஒழுங்கற்ற இரைச்சலின் இடையிடையே ஒழுங்கான ஒலி சிறு சிறு பொழுது எழுந்தெழுந்து மறைந்த பின்னரே அது நிலைகொள்கின்றது என்பதை அவர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். இம்முன்னறிகுறியைக் கண்டுகொண்டால், வாயுச் சுழலிகளை அழிவிலிருந்து காத்தல் கூடும். 1859 இன் எளிய குழாய் இன்றும் ஆசானாய் விளங்குவது இதனாற் புலனாகும்.

எந்த வெப்பம் உதவும்?

இனி, திருகோணமலைக்கு வருவாம். இயற்கை வெப்பம் என்றதும் அம்மாவட்டத்தார் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நினைப்பர். அவற்றின் வெப்பம் ஒலிவழி மின்னாதற்கு ஏற்றதோ எனின், அன்று. எந்த வெப்பப்பொறியும் தன் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டால் விதிக்கப்பட்ட எல்லையைக் கடவாது என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் காணோ 1824 இல் நிறுவினார். நீர் 40 பாகை செல்சியசிலும் சூழல் 30 பாகையிலும் இருப்பின், தனிவெப்பநிலை 313 இல் வேறுபாடு 10 மட்டுமே. ஆகவே குறையற்ற பொறியும் நூற்றுக்கு மூன்று வீதத்துக்குச் சற்று மேலேதான் பெறமுடியும். உண்மைப் பொறி அதிலும் சிறு பங்கே பெறும்.

விறகடுப்பின் நிலை வேறு. சூடான முனை 500 பாகையிலும் குளிர்ந்த முனை 60 பாகையிலும் நிற்குமாயின், காணோவின் எல்லை நூற்றுக்கு 57 ஆக உயரும். இதனைக் கருதியே, பிரித்தானியாவின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2007 இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மின்வசதியற்ற வறிய நாடுகளின் குடும்பங்களுக்கெனச் சமையலும் குளிரூட்டலும் மின்னாக்கலும் ஒருங்கே செய்யும் விறகடுப்பை ஆக்குவது அதன் குறிக்கோள். விலையைக் குறைக்கும்பொருட்டு ஈலியத்துக்குப் பதிலாகக் காற்றும், அரிய மின்பிறப்பாக்கிக்குப் பதிலாகச் சந்தை ஒலிபெருக்கியும் ஆராயப்பட்டன. 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாதாரண ஒலிபெருக்கி கொண்டு ஆக்கப்பட்ட பொறி ஏறத்தாழ 12 உவாற்று மின்னை, நூற்றுக்கு இரண்டினும் குறைந்த வினைத்திறனோடு ஈந்தது.

இச்சிறுமை கண்டு இகழற்க. அடுப்பின் தீயிலிருந்து 1,000 உவாற்று வெப்பம் பொறியினுட் புகுவதாகவும், அதில் நூற்றுக்கு இரண்டே மின்னாவதாகவும் கொள்வோம். 20 உவாற்று கிடைக்கும். 5 உவாற்று விளக்குகள் நான்கினுக்கு அது போதும். மின்னாகாத 980 உவாற்றும் வீண்போவதில்லை. குளிர்ந்த முனையைச் சூழ்ந்த நீரைச் சூடேற்றுதற்கு அதிற் பெரும்பகுதி பயன்படும். மின்னிலையத்தில் கழிவாகும் வெப்பம் சமையலறையில் வெந்நீராவது இம்முறையின் தனிச் சிறப்பு.

ஆயினும் இடர்களை மறைத்தல் அறிவுடைமையாகாது. அடுப்பு எரியும் பொழுதே மின் பிறக்கும்; ஏனைய பொழுதுக்கு மின்கலம் வேண்டும். புகைக்கரி படிந்தால் சூடான முனை வெப்பத்தை ஏற்கும் திறன் குன்றும். காற்று வளிமண்டல அமுக்கத்தில் இருப்பின் வலி குறையும். அமுக்கத்தை ஏற்றினாலோ குழாயின் பொருத்துகள் கசியாதிருத்தல் வேண்டும். விளக்கின்பொருட்டு மிகுதியாக விறகு எரிப்பின் காட்டுக்கும் கண்ணுக்கும் கேடு. இதற்கிடையில், சூரிய ஒளியை நேரே மின்னாக்கும் பலகைகளின் விலை 2010 இன் பின் பெரிதும் வீழ்ந்துவிட்டது. வெயில் குறையாத கீழ்கரையில் வீட்டு விளக்குக்குச் சூரியப் பலகையே இன்று எளிய வழி என்பதை ஒப்புதல் வேண்டும்.

அவ்வாறாயின் ஒலிப்பொறியின் இடம் யாது? வெயிலில்லாப் பொழுதிலும் பெருவெப்பம் வீணே வெளியேறும் சூளைகளிலும் ஆலைகளிலும், பழுதுபார்க்கும் தொழிலாளர் செல்லவியலா இடங்களிலும், தேய்வுறும் உறுப்புக் குறைந்த இப்பொறிக்கு இடமுண்டு. அதனினும் முதன்மையான இடம் பாடசாலையில் உண்டு. ஓர் இரும்புக் குழாயும் ஒரு துண்டுக் கம்பிவலையும் சுடரும் சாம்பல்தீவிலும் கிடைப்பனவே. அவற்றைக் கொண்டு நியூற்றனின் குறையையும், லாப்பிலாசின் திருத்தத்தையும், றேலியின் விதியையும், காணோவின் எல்லையையும் ஒரு பாடவேளையில் மாணவர் கேட்கவும் காணவும் செய்யலாம். எவ்வெப்பம் பயன்படும், எது பயன்படாது, எம்முறை எவ்வூருக்கு ஏற்றது என்பவற்றைத் தாமே கணித்தறியும் மாணவர் ஓர் ஊரில் தோன்றுவாராயின், அடுத்த பஞ்சம் வரும்போது அவ்வூர் பிறர் கையை எதிர்பார்த்து இருளில் இராது.