எந்தக் கணக்கு நிற்கும்?

கலைஞர் ஒருவர் கணினிமுன் அமர்ந்து, இசையை உண்டாக்கும் நிரல் வரிகளை அவையோர் காணும்படி திரையில் எழுதி, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திருத்தித் திருத்தி இசையை வளர்த்துச் செல்லும் கலைக்கு லைவ் கோடிங், அதாவது நேரலை நிரலாக்கம், என்று பெயர். முன்பே பதிவுசெய்த ஒலியை மேடையில் ஓடவிடுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு, மனனம் செய்த உருப்படியைப் பாடுவதற்கும் கற்பனைஸ்வரம் பாடுவதற்கும் உள்ள தொலைவைப் போன்றது. 2004இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கூடிய கலைஞர்கள் டாப்லாப் என்ற அமைப்பைத் தொடங்கியதிலிருந்து இக்கலை ஓர் இயக்கமாகப் பரவியது. அதற்குரிய மென்பொருள்களுள் முதன்மையான ஒன்று, இங்கிலாந்தின் அலெக்ஸ் மெக்லீன், ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸ் ஆகும். 2018இல் வெளிவந்த அதன் 1.0 பதிப்பு செய்த மாற்றம் கணினித் துறையாருக்கு மட்டும் உரியதன்று; தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு அது மிக அணுக்கமான ஒரு கேள்வியைத் தொட்டது.

அணுக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில், லக்னோ கரானாவின் தலைமைக் கலைஞரான உஸ்தாத் அஃபாக் ஹுசேன் கானிடம் தபேலா பயின்ற ஜிம் கிப்பென் என்ற இசை மானிடவியலாளரும், பெர்னார் பெல் என்ற பிரெஞ்சுக் கணினி அறிஞரும் சேர்ந்து போல் ப்ராசஸர் என்ற மென்பொருளை உருவாக்கினர். 'போல்' என்பது தபேலாவின் வாய்ச்சொல். மிருதங்கத்தார் 'சொல்' என்றும் 'சொற்கட்டு' என்றும் வழங்குவது இதையே. காயிதா எனப்படும் தபேலாக் கருப்பொருளிலிருந்து கலைஞர் எவ்வாறு புதுப்புது மாறுபாடுகளைப் பிறப்பிக்கிறார் என்பதை இலக்கண விதிகளாக எழுதி, அவ்விதிகளின்படி கணினி பிறப்பித்த சொற்கட்டுகளை ஆசிரியரிடம் காட்டி, அவர் ஏற்றவற்றையும் மறுத்தவற்றையும் கொண்டு விதிகளைத் திருத்தினர். விதியை எழுதியவர் ஆய்வாளரே ஆயினும் தீர்ப்பு வழங்கியவர் வித்துவான் என்பதால், இந்திய இசையைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சிகளுள் இது நேர்மையான வழி என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு மின்னிசைக் கருவிகளையும் இயக்கியது. வெவ்வேறு எண்ணிக்கையுள்ள சொற்கோவைகளை ஒரே காலஅளவில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் குறியீட்டு முறையும் அதில் இருந்தது. டைடலில் தாளக்கட்டுகளைச் சுருக்கமாக எழுதும் குறியீடு போல் ப்ராசஸரின் தாக்கத்தால் உருவானதே.

டைடலின் அடிப்படை அலகு சுழற்சி. இதை ஆவர்த்தனம் என்றே புரிந்துகொள்ளலாம். ஒரு சுழற்சியில் மூன்று சொற்களை எழுதினால் அது மூன்றாகவும், நான்கை எழுதினால் நான்காகவும் தானே சமமாகப் பிரிந்துகொள்ளும். ஒரு சொல்லின் இடத்தில் சதுர அடைப்பிட்டு இரண்டு சொற்களை வைத்தால் அவ்விடம் மட்டும் அடுத்த காலத்தில் ஓடும். ஒரு சொல்லை நீட்டவும் ஓரிடத்தை வெறுமையாக விடவும் தனிக் குறிகள் உண்டு என்பதால் கார்வையும் எழுத முடியும். சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டுத் தகிட, தகதிமி இரண்டையும் எழுதினால் இரண்டும் ஒரே ஆவர்த்தனத்திற்குள் அடங்கித் திஸ்ரமும் சதுஸ்ரமும் மோதும். நெளிவு அடைப்பிலோ இரண்டாவதும் முதலாவதன் வேகத்திலேயே ஓடும். தகதிமி மூன்று மூன்று சொற்களாக ஆவர்த்தனத்தைத் தாண்டி வழிந்தோடி, நான்கு ஆவர்த்தனம் கழித்துத்தான் தகிடவோடு சமத்தில் வந்து சேரும். முன்னது நடை மாற்றம், பின்னது கோர்வைக் கணக்கு என்பதை மிருதங்க மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி 1.0 பதிப்பின் மாற்றம். டைடலில் ஒரு கட்டுமானத்தோடு மற்றொன்றைக் கூட்டலாம். எடுத்துக்காட்டாக, ஒன்று மூன்று சுரங்களையும், மற்றொன்று அவற்றை எத்தனை படி உயர்த்துவது என்பதற்கான நான்கு எண்களையும் கொண்டிருக்கலாம். மூன்றையும் நான்கையும் கூட்டினால் ஒலிக்க வேண்டியவை எத்தனை? முந்தைய பதிப்புகளில் இடப்பக்கத்தில் எழுதியதன் கணக்கே நின்றது. வலப்பக்கத்து நான்கும் தம் மதிப்பை மட்டும் ஈந்துவிட்டுத் தம் நடையை இழந்தன. புதிய பதிப்பு இத்தேர்வைக் கலைஞரிடமே விட்டது. கூட்டல் குறியின் இடப்புறத்தில் மட்டும் ஒரு செங்குத்துக் கோடிட்டால் இடப்பக்கத்தின் கணக்கும், வலப்புறத்தில் மட்டும் இட்டால் வலப்பக்கத்தின் கணக்கும், இருபுறமும் இட்டால் இரண்டின் கணக்கும் நிற்கும். இரண்டும் நிற்கும்போது விளைவது அழகானது: ஆவர்த்தனத்தைப் பன்னிரண்டு மாத்திரையாகக் கொண்டால், மூன்றின் எல்லைகளும் நான்கின் எல்லைகளும் வெட்டிக்கொண்டு 3, 1, 2, 2, 1, 3 என்ற ஆறு துண்டுகள் கிடைக்கின்றன, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் கோவை அது. திஸ்ரத்தைச் சதுஸ்ரத்தின்மேல் தட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. கணினியில் அது இரு கோடுகள் இடுவதால் பிறக்கிறது என்பதே புதிது.

இத்தேர்வுக்கு அடித்தளமாக அமைவது, ஒவ்வொரு ஒலி நிகழ்வையும் அதன் முழுமை, அதன் துண்டு என இரண்டாகக் குறித்துவைக்கும் முறை. ஒரு சொல்லின் பின்பாதி மட்டும் கணக்கில் அகப்பட்டால், அது ஒரு முழுச்சொல்லின் எச்சம் என்று மென்பொருள் அறிந்து அதை மீண்டும் ஒலிக்காது. எடுப்பு அமைந்த இடத்தில் மட்டுமே சொல் விழும். கூட்டலின் பொருளே மாறியதால் பழைய நிரல்களில் சில வேறுவிதமாக ஒலித்திருக்கும் என்பது உண்மை. எனினும், மறைந்திருந்த ஒரு முடிவை வெளிப்படையாக்கி வாசிப்பவர் கையில் கொடுத்ததற்கு அந்த விலை தகும்.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரே அறையிலுள்ள பல கணினிகள் தம்முள் லயம் ஒத்துப்போக உதவும் ஏபிள்டன் லிங்க் என்ற நுட்பம் டைடலின் 1.9 பதிப்பிலும், பள்ளி மாணவர்க்கென உருவான சோனிக் பை என்ற மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும் இணைந்தது. போல் ப்ராசஸரும் மூன்றாம் பதிப்பாகப் புத்துயிர் பெற்றுச் சுருதி நுட்பங்களை ஆயும் வசதிகளோடு வளர்கிறது. இவற்றினும் பெரிய திருப்பம், 2022இல் ஃபீலிக்ஸ் ரூஸும் மெக்லீனும் டைடலின் முறையை ஜாவாஸ்கிரிப்டில் ஆக்கி வெளியிட்ட ஸ்ட்ரூடெல். டைடலுக்கு ஹாஸ்கெலையும் சூப்பர்கொலைடர் என்ற ஒலிப்பொறியையும் நிறுவ வேண்டியிருந்தது. ஸ்ட்ரூடெலுக்கு இணைய உலாவி ஒன்றே போதும்.

ஆகவே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழும் மாணவரோ, அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை பயில்பவரோ இதைத் தொடங்கத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும்: சுழற்சியைச் சமமாகப் பிரிப்பது இம்மென்பொருளின் இயல்பாதலால், அருதிக்குமுன் வித்துவான் காட்டும் நூலிழைத் தயக்கமும் பாடகரின் மூச்சுக்கேற்ப வாசிப்பு நெகிழ்வதும் இதில் தாமாக வாரா. சொற்களின் கணக்கு வரும். அதுவும் சிறிய செல்வமன்று. ஸ்ட்ரூடெலில் தொடக்கத்திலேயே கிடைக்கும் ஒலித்தொகுப்புகளுள் மேலைநாட்டு முரசுகளோடு மிருதங்கத்தின் தா, தீ, நம், தொம், சாப்பு, கும்கி ஆகியவையும் தனித்தனி ஒலிகளாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்களை வரிசையாக எழுதினால், எழுதிய கணக்கிலேயே அவை ஒலிக்கும்.